கொண்டையில்லாத கொண்டலாத்தி

கேம்ப் கிளினிக்கில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, மண் கொட்டும் டம்பர் லாரி ஓட்டும் ஒருவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து அவள் முன்னால் நின்றார். ஊர்க்காரர் ஆயிற்றே, ஏதோ பாசத்தில் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, "நான் இப்பதாங்க சாப்பிட்டேன்" என்றாள்.

"சாப்பாடு இல்ல சிஸ்டர். என்னைக் கொட்டினது" என்று மூடியைத் திறந்து காட்டினார்.

உள்ளே ஒரு தேள் இருந்தது. இருந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. செருப்பால் அடித்து அடித்து, தேளா துவையலா என்று தெரியாத நிலைக்கு அதைக் கொண்டுவந்திருந்தார்கள்.

டாக்டர் டவுனிலிருந்து ஜீப்பில் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் போன்தான். "எந்தத் தேள்? கறுப்பா, மஞ்சளா? முன்னால இருக்கிற இடுக்கி பெரிசா, வால் பெரிசா?" என்று அவர் கேட்கக் கேட்க, சிஸ்டர் டப்பாவை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. லாரிக்காரருக்கு அன்றைக்கு ஆயுசு கெட்டி. வீக்கத்தோடு போயிற்று. ஆனால் சிஸ்டருக்கு மனசு ஆறவில்லை. ஒரு ஆளைக் கொட்டியது எதுவென்று தெரியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பிடித்துக்கொண்டிருந்த அந்த மத்தியானம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான். "எது கடிச்சாலும், எது கொட்டினாலும் நசுக்காதீங்க. டப்பாவைக் கவுத்து வச்சிட்டு என்னைக் கூப்பிடுங்க" என்று கேம்ப் முழுக்கச் சொல்லிவைத்தாள். பாலைவனத்தில் சாலை போடும் கேம்ப் அது. நாலு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை மணலும் சரளையும் குட்டையான முள்புதர்களும். நடுவில் வரிசையாகத் தகர அறைகள், சமையல் கூடம், ஜெனரேட்டர் ஷெட், கடைசியில் வெள்ளை அடித்த கிளினிக். பின்பக்கத்தில் அவளுக்கென்று ஒரு சின்ன அறை. பெண் என்று அந்தக் கேம்ப்பில் அவள் ஒருத்திதான். அதனால் எல்லாருக்கும் அவள் சிஸ்டர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகிற்று. இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் ஆளை உடனே ஜீப்பில் ஏற்று என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். கேம்ப்பையே கதிகலங்க வைத்த ஒரு ராட்சசச் சிலந்தி, ஆட்களைத் துரத்தித் துரத்தி வருகிறது என்று எல்லாரும் கட்டில் மேல் ஏறி நின்றபோது, சிஸ்டர்தான் கவனித்தாள். அது ஆளைத் துரத்தவில்லை, ஆளின் நிழலைத் துரத்துகிறது. வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடுகிறது, அவ்வளவுதான். "நீங்க ஓடினா நிழலும் ஓடுது, அதுவும் ஓடுது. சும்மா நில்லுங்க" என்றாள். யாரும் சும்மா நிற்கவில்லை என்பது வேறு விஷயம். வாலைச் சுருட்டிச் சுருட்டி நீட்டும் ஓணான், பின்னங்காலால் தத்தித் தத்திப் போகும் சின்னஞ்சிறு எலி, காது மட்டும் பெரிதாக ஒரு நரி என்று ஒவ்வொன்றாகத் தென்பட்டன. பெயர் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது நிறைய.

"சிஸ்டருக்கு வேற வேலை இல்ல" என்பார் ஜெனரேட்டர்காரர். கேம்ப்பில் தமிழ் பேசும் இன்னொரு ஆள் அவர். "இங்க என்ன இருக்கு? மணல் இருக்கு, அதுக்குக் கீழயும் மணல் இருக்கு."

வேலை இல்லாமல் இல்லை. பேச்சுதான் இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஊரில் அவள் கணவர் பஸ் கண்டக்டர். சில வருஷங்களுக்கு முன்னால் முதுகுத்தண்டு நழுவிப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்போது வந்த வாய்ப்பு இது. "ஒரே வருஷம், போயிட்டு ஓடி வந்துடறேன்" என்று கிளம்பினாள். அவர் எழுந்தார், நடந்தார், திரும்ப டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் தொங்கவும் ஆரம்பித்துவிட்டார். அவள் திரும்புவது மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. யாரும் வரவும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்பார் கணவர். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் எந்தப் பக்கம் திரும்புவது?

மகளைப் பார்த்துக்கொள்ளக் கணவருடைய அக்கா வந்து வீட்டோடு தங்கிவிட்டார். சிஸ்டருக்கு அவர் அண்ணி, மகளுக்கு அத்தை. வாய் ஓயாத மனுஷி, கை அதற்கு மேல் ஓயாது. மகளைப் பிறந்ததிலிருந்து வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகும் பாப்பாதான்.

போன் பேச்சு வரவர வற்றிப்போயிருந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அங்க வெயிலா, வெயில்தான். பாப்பா படிக்குதா, படிக்குது. இதோ பாப்பாகிட்ட தரேன். ம். ம். சரிம்மா. அவ்வளவுதான். போனை வைத்த பிறகு, சொல்ல நினைத்ததெல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கும்.

ஒரு நாள் பள்ளிக்கூட விழாவில் எடுத்த படம் ஒன்று வந்தது. வரிசையில் இருந்த பிள்ளைகளில் பாப்பாவைக் காணவில்லை. மறுபடி மறுபடி பார்த்தாள். பிறகுதான் தெரிந்தது, ஓரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கும் அந்த நெட்டைப் பெண்தான் தன் மகள் என்று.

"பாப்பா கண்ணாடி போட்டிருக்காளா?"

"ஆமா, அது போட்டு ரொம்ப நாளாச்சே" என்றார் கணவர். "உனக்குச் சொல்லல?"

கட்டுப்போட ஆள் வந்திருக்கிறார் என்று பொய் சொல்லி போனை வைத்தாள். யாரும் வரவில்லை. காலிக் கிளினிக்கில் உட்கார்ந்து, பஞ்சை உருட்டி உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டே இருந்தாள். ஊர் பேர் தெரியாத சிலந்தியை எல்லாம் அடையாளம் கண்டுபிடிக்கிற தனக்கு, பெற்ற பிள்ளையை ஒரு படத்தில் அடையாளம் தெரியவில்லையே என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு சில நாள் அவள் தானாகக் கூப்பிடவே இல்லை. அந்த நாட்களில்தான் அந்த விசில் கேட்டது.

விடிந்தும் விடியாத நேரம். ஜெனரேட்டரை மாற்றிப் போடுவதற்காக நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கொஞ்ச நேர நிசப்தத்தில், வெளியே யாரோ வாயால் விசில் அடிப்பது கேட்டது. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏறி, உச்சிக்குப் போய், அங்கிருந்து நடுங்கி நடுங்கி இறங்கிற்று. சிஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் டிரிப்புக்குக் கிளம்பும்போது அவள் கணவர் சட்டைப் பொத்தான் போட்டபடி இப்படித்தான் விசில் அடிப்பார். சுருதி கொஞ்சம் பிசகும். இதுவும் பிசகிற்று.

செருப்பைக்கூடப் போடாமல் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஆள் யாரும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மணல்தான். விசில் மறுபடி கேட்டது, ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. அப்போது முள்புதர் ஒன்றின் உச்சியிலிருந்து ஏதோ நேர் மேலே கிளம்பியது. யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல உயர்ந்து, உச்சியில் ஒரு கரணம் போட்டு, இரண்டு இறக்கையையும் விரித்தபடி கீழே விழுந்தது. இறக்கையில் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று அடித்தன. தரையில் இறங்கியதும் மாயம்போல மறைந்துவிட்டது. மணல் நிறத்தில் ஒரு பறவை குடுகுடுவென்று ஓடுவதைப் பிறகுதான் பார்த்தாள். இவ்வளவு நீளக் கால், வளைந்த அலகு. அந்தப் பறவை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி இருக்கிறதே என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

அன்று அவளே கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்க மறந்துபோனாள்.

"ஏங்க, இங்க ஒரு பறவை உங்களை மாதிரியே விசில் அடிக்குது."

"என்னை மாதிரியா? பாவம், அதுக்குப் பொண்ணு கிடைக்காது" என்றார் கணவர்.

"நான் நிஜமாதான் சொல்றேன். மணல் கலரு. நேரா மேல போய்க் கீழ விழுது. பறந்தா இறக்கையில கறுப்பு வெள்ளை. அலகு வளைஞ்சிருக்கு."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. போனை எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார்கள். "அது கொண்டலாத்திடி! வளைஞ்ச மூக்கு, கறுப்பு வெள்ளை இறக்கை, வேற என்ன? நம்ம மைதானத்துலயே மேயுமே!"

"கொண்டை இல்லையே அண்ணி."

"நீ சரியா பார்த்திருக்க மாட்டே. மடக்கி வச்சிருக்கும்."

"கொண்டலாத்தி இப்படி விசில் அடிக்காதுக்கா" என்றார் கணவர். "நேரா மேல போய்ப் பாடிட்டு இறங்குதுன்னா அது வானம்பாடி."

"வானம்பாடிக்கு எங்கடா இவ்ளோ பெரிய மூக்கு?"

அக்காவும் தம்பியும் மோதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். சிஸ்டர் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் வீட்டில் சண்டை நடக்கிறது, அதன் நடுவில் தான் இருக்கிறோம் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. கடைசியில், யாரும் கேட்காமலே, பாப்பாவின் குரல் வந்தது.

"அம்மா, கால்ல பின்னாடி நகம் நீளமா இருந்துச்சா?"

"தெரியலையேடி."

"பார்த்துட்டுச் சொல்லு. வானம்பாடிக்கு அது நீளமா இருக்கும்."

பாப்பா இட்ட வேலை அது. அடுத்த நாளே காவலாளியிடம் சொல்லிவிட்டு வேலியைத் தாண்டினாள். விடியலுக்கும் கிளினிக் திறக்கும் நேரத்துக்கும் நடுவில் அவளுக்கென்று கொஞ்சம் பொழுது இருந்தது. அதைத் தூங்கிக் கழித்தவள், அதற்குப் பிறகு நடந்து கழித்தாள். தூரம் போகக் கூடாது, கேம்ப் கொடிக்கம்பம் கண்ணிலிருந்து மறையக் கூடாது என்று காவலாளி கட்டளை போட்டிருந்தார். படம் எடுத்தால் மணலும் பறவையும் ஒரே நிறமாக விழுந்தன. "வெறும் மணலை எதுக்கு அனுப்பியிருக்கே?" என்று கேட்டார் கணவர். ஆகவே வாயால் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

சொல்வது சுலபமாகவும் இல்லை. பாப்பா கறாரான ஆள் என்று அப்போதுதான் சிஸ்டருக்குத் தெரிந்தது.

"பாவம்டி, ஒத்தையா நின்னுக்கிட்டு சோகமா கூப்பிட்டுக்கிட்டே இருக்கு."

"சோகம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாலே தெரியுதே."

"அதெல்லாம் வேணாம். நீ பார்த்ததை மட்டும் சொல்லு. நினைச்சதைச் சொல்லாதே. எங்க நின்னுச்சு? எத்தனை தடவை மேல போச்சு? திரும்ப அதே செடிக்கு வந்துச்சா?"

சிஸ்டருக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தாள். பிள்ளை கேட்பது நியாயம். சோகம் பறவையிடம் இருந்ததா, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவளிடம் இருந்ததா என்று யார் கண்டது? அன்றிலிருந்து பார்த்ததை மட்டும் சொல்லப் பழகினாள். அலகால் மணலைக் கிண்டிப் புழு எடுக்கிறது. ஒரு நத்தையைக் கல்லில் அறைந்து அறைந்து ஓட்டை உடைக்கிறது. ஆளைக் கண்டால் பறப்பதில்லை, ஓடுகிறது. ஓடி நின்று திரும்பிப் பார்க்கிறது. பின் நகம் நீளமில்லை. கொண்டை கிடையாது, கிடையவே கிடையாது.

"பின் நகம் நீளமில்லைன்னா வானம்பாடி இல்லடா" என்று கொக்கரித்தார் அண்ணி.

"கொண்டை இல்லைன்னா கொண்டலாத்தியும் இல்ல" என்றார் தம்பி.

ஒரு காலையில் அதன் குரலைப் போனில் பதிவு செய்து அனுப்பினாள். அது ஒரு கூத்தில் போய் முடிந்தது. கண்டக்டர் அதை ஓடும் பஸ்ஸில் போட்டுக் கேட்டிருக்கிறார். நல்ல நெரிசல். முதல் விசில் கேட்டதும் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். ஸ்டாப்பும் இல்லை, இறங்குகிற ஆளும் இல்லை. நின்றவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். "எதுக்கு நிறுத்தச் சொன்னே?" என்று டிரைவர் திரும்பிக் கத்த, அதற்குள் அடுத்த விசில் வர, சரி போகச் சொல்கிறான் என்று அவர் வண்டியை எடுக்க, மூன்றாவது விசிலுக்கு மறுபடி பிரேக்.

"என் சர்வீஸ்ல இப்படிப் பேச்சு வாங்கினதே இல்ல" என்றார் கணவர், மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டே. "என் பொண்டாட்டி அனுப்பின பறவைங்கன்னு சொல்றேன், ஒருத்தரும் நம்பல. அப்புறம் ஒரு அம்மா, இன்னொரு தடவை போடுப்பா, கேக்க நல்லாருக்குன்னாங்க. போட்டேன். வண்டியே கம்முனு கேட்டுச்சு."

"கேட்டாங்களா?"

"ம். உன்னை நினைச்சுக்கிட்டேன்."

அவர் இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. சொன்னதும் அவருக்கே கூச்சமாகிவிட்டது போல. அக்கா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டார்.

பெயரைக் கடைசியில் பாப்பாதான் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில், இடைவேளையில் எல்லாம் உட்கார்ந்து, உலகத்து வானம்பாடிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். கேம்ப்பில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பாப்பா தானாக அம்மாவைக் கூப்பிட்ட முதல் போன்.

"அம்மா! அத்தை சொன்னதும் சரி, அப்பா சொன்னதும் சரி!"

"என்னடி சொல்றே?"

"அது வானம்பாடி இனம்தான், இதுக்குப் பின் நகம் நீளமா இருக்காதாம். ஆனா இறக்கையும் மூக்கும் கொண்டலாத்தி மாதிரி இருக்கிறதால இங்கிலீஷ்ல அதோட பேரே கொண்டலாத்தி வானம்பாடி! ரெண்டும் சேர்த்து! நீ அனுப்பின சத்தமும் அதுல இருக்கிற சத்தமும் ஒண்ணு."

சிஸ்டர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பக்கத்தில் இருந்த ஜெனரேட்டர்காரர், "என்ன சிஸ்டர், ஊர்ல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றாள். அதற்கு மேல் விளக்கத் தோன்றவில்லை.

பாப்பா போனை வைக்கவில்லை. ஏதோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். பிறகு கேட்டாள்.

"கண்ணாடி விஷயத்துல கோபமா இருக்கியாம்மா?"

"கோபமில்லடி."

"அத்தைதான் சொல்ல வேணாம்னாங்க. அங்க தனியா உக்காந்து நீ அழுவேன்னு."

சிஸ்டர் மட்டும் என்ன வாழ்ந்தது? தேள் அவளையும் ஒருமுறை கொட்டியிருக்கிறது. கை வீங்கி, காய்ச்சலில் கிடந்துகொண்டே "இங்க எல்லாம் சௌக்கியம்" என்று சொன்னவள்தானே. அதை இப்போது பாப்பாவிடம் சொன்னாள். எந்தத் தேள், எந்த விரல், எவ்வளவு வீங்கியது என்று ஒன்று விடாமல். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இப்ப நீ சொல்லு" என்றாள் சிஸ்டர். "நம்ம வீட்டைப் பத்திச் சொல்லு. பார்த்ததை மட்டும்."

அப்படித்தான் வீடு அவளிடம் திரும்ப வந்து சேர்ந்தது. பீரோவை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டார்கள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, அடியில் பச்சை வாளி வைத்திருக்கிறது. அப்பா குனியும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் குனிகிறார். அத்தை மாடிப்படியில் நடுவில் ஒருமுறை நிற்கிறார். பாப்பாவுக்கு இடது கண்ணில்தான் பார்வை குறைவு. ஒவ்வொன்றும் சுட்டது, ஆனால் அவள் போதும் என்று சொல்லவில்லை. மணலில் பறவையைத் தேடுகிறவள்போல, மகள் சொல்லும் அறைகளுக்குள் ஒவ்வொரு பொருளாகத் தேடினாள்.

அந்த வருஷக் குளிர்காலம் முடியும் சமயத்தில் சாலை வெகுதூரம் போய்விட்டது. கேம்ப்பைப் பெயர்த்து முன்னால் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சிஸ்டரிடம், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று கம்பெனி கேட்டது. அவள் வீட்டைக் கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றார் கணவர்.

போன் பாப்பாவிடம் போயிற்று.

"நீ என்ன சொல்றே பாப்பா?"

"நான் ஒண்ணும் சொல்லல. பார்த்ததைச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"உன்னோட சேலையெல்லாம் பீரோல இருக்குல்ல. அத்தை அப்பப்ப எடுத்துத் துவைச்சு வெயில்ல போடுவாங்க, மக்கிப் போயிடும்னு. காய்ஞ்சதும் எடுக்கப் போனா அப்பா எடுக்க விடமாட்டார். இருக்கட்டும், இருக்கட்டும்பார். இருட்டுற வரைக்கும் கொடியில அப்படியே கிடக்கும். அப்பா வாசல்ல நாற்காலி போட்டு அந்தப் பக்கமா பார்த்து உக்காந்திருப்பார். டீ குடிக்கக்கூட உள்ள வரமாட்டார்."

சிஸ்டர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவ்வளவுதாம்மா. பார்த்தது."

சிஸ்டர் அன்று சாயங்காலமே கம்பெனிக்கு முடியாது என்று சொல்லி அனுப்பினாள்.

கிளம்புவதற்கு முந்தைய காலையில் வேலிக்கு அப்பால் கடைசியாக ஒருமுறை போனாள். பறவை இப்போது ஒற்றையாக இல்லை. ஒரு புதருக்குள் குச்சி வைத்துக் கூடு கட்டியிருந்தது. ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்க, மற்றது மேலே போவதும் விழுவதுமாக இருந்தது. கிட்டப் போகவில்லை அவள். சப்பணமிட்டு மணலில் உட்கார்ந்து பார்த்தாள். இவ்வளவு நாளும் இந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்றுதான் துடித்தோம், இன்றைக்கு எழுந்து போகக் கால் வரவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஊர் வந்து சேர்ந்தாள். பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். போனில் அவ்வளவு பேசிய இரண்டு பேரும் நேரில் ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சப்பட்டார்கள். "உள்ள வாம்மா" என்றாள் பாப்பா, விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. கணவர் பெட்டியைத் தூக்கப் போனார். "முதுகு" என்று சிஸ்டர் அதட்டினாள். அந்த அதட்டலில்தான் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அண்ணி அந்த வாரம் முழுக்க விழுந்து விழுந்து சமைத்தார். வார முடிவில் தன் துணிகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

"எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?"

"என் பெரிய மகன் வீட்டுக்குத்தான். அவனும் ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். வீட்டுக்காரி வந்துட்டா, இனி எனக்கென்ன இங்க வேலை?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மடித்த சேலையையே மறுபடி பிரித்து மடித்தார்.

சிஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா அழவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. அத்தைக்குப் பின்னால் நின்று, அவருடைய முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். சின்னப் பிள்ளையில் தூக்கம் வரும்போது அம்மாவின் முந்தானையை அப்படித்தான் சுற்றுவாள்.

இதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்ளலாம். பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், பிறகு மறந்துவிடுவாள், பிறகு தனக்கே தனக்கு என்று ஆகிவிடுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அது நினைத்தது. பார்த்தது அந்த விரல்.

அண்ணியின் கையிலிருந்து சேலையை வாங்கிக் கட்டிலில் வைத்தாள்.

"போகாதீங்க அண்ணி."

"ஏண்டி, நான் இருந்தா உனக்கு…"

"நான் பக்கத்து ஆஸ்பத்திரியில வேலை கேட்டிருக்கேன். ஷிப்ட் வேலை. நீங்க இல்லாம இந்த வீடு நடக்காது. அதுக்காகச் சொல்லல. பாப்பாவுக்கு நீங்க வேணும். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாத்தான் இருக்கு. இருந்தாலும் வேணும்."

அண்ணி பொட்டென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போனவர், அது பாப்பாவின் கையில் இருப்பதைப் பார்த்து, "விடுடி கழுதை, மூக்கைத் துடைக்கணும்" என்றார். பாப்பா விட்டாள். சிஸ்டரைப் பார்த்தாள். முதன்முறையாகக் கூச்சமில்லாமல் நேராகப் பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

அண்ணி பெரியவன் வீட்டுக்குப் போகவில்லை. சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் இப்போது ஆளுக்கொரு சண்டை, ஆளுக்கொரு சமாதானம். பாப்பா சில நாள் அம்மாவிடம் வருகிறாள், சில நாள் அத்தையிடம் போகிறாள். போகிற நாளில் வலிக்கத்தான் செய்கிறது. ஊரில் எல்லாரும் சிஸ்டரைக் கேட்டார்கள், "அப்பாடா, அந்தப் பாலைவனத்துலேருந்து தப்பிச்சு வந்தாச்சா?" என்று. அவளும் "ஆச்சு, ஆச்சு" என்பாள்.

ஒரு மழை நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் கூரைத் தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் பேசுவதற்கே கத்த வேண்டியிருந்தது. கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, எங்கேயோ போயிட்டே?" என்று கேட்டார்.

"அங்க இந்நேரம் மணல் சுட ஆரம்பிச்சிருக்கும்" என்றாள்.

"திரும்பப் போகணும்னு இருக்கா?"

"இல்ல" என்றாள் உடனே. அது உண்மைதான். கொஞ்சம் கழித்து, "ஆனா இருக்குங்க" என்றாள். அதுவும் உண்மைதான்.

அண்ணி, ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது என்று எழுந்து கதவைச் சாத்தப் போனார். "கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும் அண்ணி" என்றாள் சிஸ்டர்.